மயிலம்மாவின் கோழி

ஜவாஹிறாவின் வீட்டுப் பின்வளவில் கோழிக்கூடு ஒன்று இருந்தது, கோழிதான் இல்லை. பதினைந்து வருடங்களாக இல்லை. கலியாணமான புதிதில் ஆறு பேட்டுக்கோழியும் ஒரு சேவலும் வளர்த்தாள். ஒரு பெருநாளன்று அதில் ஒன்று ஹோலுக்குள் நடந்து வந்து, கொள்ளுப்பிட்டியிலிருந்து வந்திருந்த, புருஷனின் முதலாளியுடைய புதுச் சப்பாத்தில் எச்சமிட்டது. மறுநாளே புருஷன் ஸவாஹிர் அத்தனையையும் பிடித்து ஹோட்டல்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். கோபத்தில் ஒரு கிழமை அவள் அவரோடு கதைக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். வீட்டில் வாய் திறக்கிற பழக்கம் அவருக்கு அவ்வளவாக இல்லை.

நாற்பத்திரண்டாம் வருடம் தை மாதத்தில் ஸவாஹிர் மௌத்தானார். பிள்ளைகள் இல்லை. ஜவாஹிறா வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவளுக்குரிய இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதும் வரையில் வெள்ளவத்தை வீடு ஆட்களால் நிறைந்திருந்தது. அது முடிந்ததும் வந்தவர்கள் கிளம்பினார்கள். தம்பி மஜீட்டும் அவன் பெண்சாதியும் மட்டும் துணைக்கு நின்றார்கள். உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பான்காரனின் பிளேன்கள் வந்து கொழும்பில் குண்டு போட்டதும் அவர்களும் மாத்தளைக்கு ரயிலேறினார்கள். இத்தாவில் இருப்பவள் புருஷன் வீட்டை விட்டு அசையக்கூடாது என்று போகும்போது ஞாபகமாகச் சொன்னார்கள். உயிருக்குப் பயமென்றால் கிளம்பலாம் என்பதும் மார்க்கத்தில் உள்ளதுதான். அது மட்டும் அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒழுங்கை முழுக்கப் பூட்டிய கதவுகள். அதில் அவளுக்கு அதிகம் வலித்தது பக்கத்து வீட்டுப் பூட்டு. அங்கே இருந்தவர்கள் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் முத்துலிங்கமும் அவர் மனைவி மயிலம்மாவும். இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள மதிலில் நாலைந்து செங்கல் விழுந்து ஒரு ஓட்டை இருந்தது. பின்னேரமானால் மயிலம்மா அதில் முகத்தை வைத்து, "அக்கா, இண்டைக்கு என்ன கறி?" என்று தொடங்குவாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் பொறுமை, பொறுமை என்று ஓதிவிட்டுப் போக, கறியைப் பற்றிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். குண்டு விழுந்த மறுநாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போகும் அவசரத்திலும் ஓட்டைக்கு வந்தாள். "ரெண்டு கிழமையில வந்திடுவன், அக்கா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

மூன்றாம் நாள் அதே ஓட்டையால் மயிலம்மாவின் கபிலநிறக் கோழி வந்தது. சேவலைப் பிடித்தவர்கள் அவசரத்தில் இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பசியில் அது ஜவாஹிறாவின் காலையே கொத்தியது.

"ஒன்னையும் உட்டுட்டுப் போய்ட்டாங்களா?" என்றாள் ஜவாஹிறா. இரண்டு நாளாக அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

அடுத்தவர் பொருள் கைக்கு வந்தால் அது அமானிதம். குறையாமல் காத்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். கீரி திரிகிற வளவில் கோழியை வெளியே விட்டு வைக்க முடியாது. ஆகவே அவள் பதினைந்து வருடங்களுக்குப் பிறகு பழைய கூட்டின் முன்னால் போய் நின்றாள்.

கூடு பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே பெயின்ட் டின்களும் கால் உடைந்த கதிரையும். ஒரு பக்கப் பலகையைக் கறையான் தின்று முடித்திருந்தது. தச்சனைக் கூப்பிடலாமென்றால் இத்தா. ஆண் நிழல் படக்கூடாது. சுத்தியலை அவளே எடுத்தாள். கதிரையைப் பிரித்துப் பலகை போட்டாள். துருப்பிடித்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினாள். அதில் பெருவிரல் நகம் கறுத்தது. சாப்பாட்டு அலுமாரியின் கம்பி வலையைக் கழற்றிக் கூட்டுக்கு அடித்தாள். பஞ்ச காலத்தில் அலுமாரிக்குள் ஈ மொய்க்கவும் ஒன்றுமில்லை. கதவுக்குக் கீல் கிடைக்காமல் ஸவாஹிரின் தோல் பெல்ட்டை இரண்டு துண்டாக வெட்டி அடித்தாள். கோழிகளை ஒழித்த மனிதர் ஒருவழியாகக் கோழிக்கு உதவினார். அதை நினைத்து அவள் சிரித்தாள். பிறகு அங்கேயே குந்தியிருந்து அழுதாள். நல்லவரோ கெட்டவரோ, வீட்டில் இருமுவதற்காவது ஒரு ஆள் இருந்தது.

கோழி முட்டையிடத் தொடங்கியது. ஜவாஹிறா ஒவ்வொன்றையும் உமிப் பானைக்குள் வைத்தாள். ஒன்றையும் தொட்டுத் தின்னவில்லை. கிழமைக்கு ஒருதரம் கீரையும் அரிசியும் கொண்டு வருகிற ஆறாயி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டுக் கொழும்புக்கு இறங்கிய மனுஷி அவள். இந்தக் காலத்தில் அந்த வீட்டுக்கு வந்து போன முகம் அவளுடையது மட்டும்தான்.

"ஊரே அரிசிக்குப் பறக்குது, நீங்க முட்டைய வச்சு அழகு பாக்குறீங்களேம்மா! அவிச்சுத் தின்னுங்க. கோழி வந்தா சாட்சி சொல்லப் போவுது?"

"கோழி சொல்ற இல்ல. எனக்குத் தெரியுந்தானே" என்றாள் ஜவாஹிறா.

ஒன்பது முட்டையானதும் கோழி அடைக்குக் கேறியது. சித்திரை இடி முட்டையைக் கலக்கிவிடாமல் ஒரு ஆணியையும் கரித்துண்டையும் வைக்கோலுக்குள் செருகி, ஒன்பதையும் அதற்கு அடியில் வைத்தாள். அன்றைக்கே மயிலம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். அவளுக்குத் தெரிந்தது குர்ஆன் ஓதப்பள்ளியில் படித்த அறபுத் தமிழ். தமிழ்ப் பேச்சை அறபு எழுத்தில் எழுதுவது. அதை மயிலம்மா வாசிக்கமாட்டாள் என்று தெரியும். யாழ்ப்பாணத்தில் ஓதப் படித்த சோனகர் இல்லாமலா போனார்கள், யாராவது வாசித்துச் சொல்லட்டும் என்று எழுதினாள். கோழி பத்திரமாக இருக்கிறது, முட்டை ஒன்றும் தின்னவில்லை, எல்லாம் அடையில் இருக்கிறது, எப்போது வருகிறீர்கள்? மயிலம்மா எப்போதோ சொன்ன ஊர் விலாசத்தை ஆறாயி யாரையோ பிடித்து எழுதுவித்துத் தபாலில் போட்டாள்.

ஆறு குஞ்சுகள் பொரித்த மறுநாள் பதில் வந்தது. தமிழ் எழுத்தில். ஜவாஹிறாவுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது, ஆறாயிக்கும் தெரியாது.

"குடுங்கம்மா, கடையில குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள் ஆறாயி.

ஜவாஹிறா கொடுக்கவில்லை. தனக்கு வந்த வார்த்தையைத் தானே கேட்க வேண்டும் என்றாள். அது பாதிதான் உண்மை. வருகிறேன் என்று எழுதியிருந்தால் இன்றைக்குக் கேட்டாலும் அது சந்தோஷம், பிறகு கேட்டாலும் அது சந்தோஷம். வேறு மாதிரி எழுதியிருந்தால்? இத்தா முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பதினெட்டு நாளும் கடிதம் தலையணைக்குக் கீழே கிடந்தது. பகலில் குஞ்சுகளுக்குக் குறுநல் அரிசி போட்டுக்கொண்டே மயிலம்மா வந்தால் என்ன சொல்வதென்று கதைத்துப் பார்த்தாள். ஆறில் மூன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கோ அக்கா என்பாள். சீ, எல்லாம் உங்கடது என்று இவள் மறுப்பாள். அந்த வழக்கை நடத்திக்கொண்டிருந்தால் பொழுது போனது தெரியாது.

இத்தா முடிந்த அன்று குளித்து, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, ஒழுங்கை காலி வீதியில் சேர்கிற மூலையிலுள்ள அலவியின் பலசரக்குக் கடைக்குப் போனாள். அலவி தமிழ் படித்தவர். கடையில் நின்ற இரண்டு மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி உரத்து வாசித்தார்.

"அன்புள்ள ஜவாஹிறா அக்காவுக்கு. உங்கட கடிதத்தைக் கண்டு முதல்ல பயந்து போனன். ஏதோ மந்திரம் எண்டு மாமி தொடவே விடேல்லை. பிறகு பௌஸி எண்டு ஒரு சோனக நானாதான் வாசிச்சுச் சொன்னவர். அக்கா, அந்தக் கோழி இனி உங்களுக்குத்தான். முட்டையும் குஞ்சும் எல்லாம் மனசாரத் தாறன். இவருக்கு இஞ்ச அரசாங்கக் கச்சேரிக்கு மாற்றம் கிடைச்சிட்டுது. கொழும்பு வீட்டையும் விட்டிட்டம். இனி அந்தப் பக்கம் வாறதுக்கில்லை. கோழியை அறுத்து நல்லாச் சாப்பிடுங்கோ."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பாருங்க தாத்தா, எல்லாம் ஒங்களுக்கு ஹலாலாகீட்டு! இனிப் பயமில்லாம முட்ட தின்னுங்க" என்றார் அலவி. மயிலம்மாவின் 'அக்கா'தான் சோனகர் வாயில் 'தாத்தா'.

"வாற இல்லயெண்டா எழுதீக்கிது?"

"ஓ, வாற இல்லயாம்."

"இன்னொருக்கா வாசிங்க, நானா."

அலவி இன்னொரு தரம் வாசித்தார். ஒன்றும் மாறவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு விளங்கியது. அவள் கேட்டது அனுமதி இல்லை. அது அவளுக்குத் தேவைப்படவே இல்லை. கோழியை எடுத்துப் போக ஒரு கூடையோடு மயிலம்மா வாசலில் வந்து நிற்பாள் என்பதுதான் இத்தனை நாளும் அவளை எழுப்பிவிட்டது. இப்போது அந்தக் கோழி அவளுடையது. இனி அதைத் தேடி யாரும் வரமாட்டார்கள். வீட்டுக்குள் போய் விளக்கு ஏற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து, மை தொட்டு, வலமிருந்து இடமாக எழுதத் தொடங்கினாள்.

குஞ்சுகளை நான் எடுத்துக்கொள்கிறேன், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான் என்று எழுதினாள். ஆனால் தாய்க்கோழியை எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அது என்னிடம் அமானிதமாக வந்தது, அமானிதமாகவே இருக்கும். நீங்கள் வந்துதான் கொண்டு போக வேண்டும். பௌஸி நானாவிடம் சொல்லி இதைத் தெளிவாக வாசிக்கச் சொல்லுங்கள். அவசரமில்லை.

கோழிக்கு வயது போகிறது என்பதை மட்டும் எழுதாமல் விட்டாள்.