ஆலோசனை அறை வாசலில் டேலியா

மனநல ஆலோசனை அறையில் வேலை என்றால், நம்மைக் கண்டதும் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குப் பழக வேண்டும். நான் கூச்சக்காரி, அது வசதி என்று நினைத்துத்தான் கண்டிப் பக்கத்துக் கம்பஸ் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். என்னைப் போல வாசல் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

வெறும் வாங்கு

பூவைப் பார்த்தால் பிள்ளைகளின் மனம் லேசாகும் என்று நிர்வாகம் எங்கள் வாசலில் டேலியாப் பாத்தி போட்டு, பக்கத்தில் உட்காரச் சிமெந்து வாங்கும் கட்டியது. ஒருவரும் உட்காரவில்லை. நூலகத்துக்கு முன்னால் புழுதிக்குள் நெருக்கியடித்து இருந்தார்கள். யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தியிடம் ஏனென்று கேட்டேன்.

"அதில இருந்தா, பின்னேரம் பட்ச் முழுக்க வந்து 'உனக்கு என்ன வருத்தம்' எண்டு கேக்கும், மிஸ்."

பூவுக்குள் என்ன?

கென்டீன் நடத்தும் மடவளைக்காரரை எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு வேறு சந்தேகம். "கம்பஸ்காரன் சும்மா பூ வெப்பானா தங்கச்சி? உள்ளுக்கு கெமரா ஈக்கும்." சிரித்துவிட்டு வந்தேன். பின்னேரம் ஆளில்லாத நேரம் பார்த்துக் குனிந்து இலைகளை விலக்கினேன். ஒரு நத்தை இருந்தது. நிமிர்ந்தால், தேத்தண்ணித் தட்டோடு நானா.

"பாத்தீங்க தானே! ஒங்களுக்கும் டவுட் ஈக்கி."

ஒரே பூ

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி தினமும் அதே டேலியாவைப் படம் எடுத்தாள். எங்களிடம் யார் வருகிறார்கள் என்று வேவு பார்க்கிறாளோ? பின்னால் போய் நின்றேன். கையிலிருந்த போனின் திரை அணைந்து கிடந்தது. அவள் கண் பூவில் இல்லை, எங்கள் கதவில் இருந்தது. நான் கேட்கும் முன்பே திரும்பினாள்.

"சும்மா பூ பாக்கதாங்க வந்தேன் மிஸ். வேற ஒண்ணுமில்ல."

மழைக்குப் பிறகு

ஒரு கிழமை விடாத மழை. டேலியா அழுகியதும் தோட்டக்காரர் பாத்தியைக் கொத்திவிட்டார். அன்று அந்தப் பிள்ளை வந்தாள். வெறும் மண்ணுக்கு முன்னால் போனோடு எவ்வளவு நேரம் நிற்பது? திரும்பிப் போய்விட்டாள். அழுதிருந்த முகம். எனக்கு இரவு முழுக்க அதே நினைவு.

அடுத்த நாள் வத்தேகமச் சந்தையில் ஒரு அந்தூரியப் பூச்சாடி வாங்கி வந்து, அறைக்கு உள்ளே, வாசலிலிருந்து தெரிகிற மாதிரி வைத்தேன். அவள் இரண்டு தரம் கடந்து போனாள். மூன்றாம் தரம் படியேறினாள்.

"இந்தப் பூவ... கதவ சாத்திட்டு எடுக்கலாங்களா, மிஸ்?"

பூ மனதுக்கு நல்லதா என்று யாராவது கேட்டால், சாடியைக் கதவுக்கு எந்தப் பக்கம் வைக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் இப்போது சந்தேகத்தோடு திருப்பிக் கேட்கிறேன்.