சி டாலர்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பீடிக் கம்பெனி, நல்ல பீடிகளையும் கழிவு என்று ஒதுக்கிக் கூலி கொடுக்காமல் எடுத்துக்கொள்வதாக, பீடி சுற்றும் பெண் ஒருத்தி எங்கள் நிருபரிடம் சொன்னாள். அவள் பெயரில்லாமல் செய்தி வந்தது. மறுநாள் கம்பெனியின் பீடிக்கடையில், சுற்றுவதற்கு அவளுக்கு இலையும் தூளும் இல்லை என்றார்கள்.

பெயர் நிருபரின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது. வழக்கு வந்தால் வேண்டும் என்று ஆசிரியர் முதல் வடிவைப் பெயரோடுதான் கேட்பார். கம்ப்யூட்டர்களைப் பராமரித்த மேலப்பாளையத்துக்காரரைக் கூப்பிட்டோம்.

"நீங்க பகிராட்டாலும் மெஷின் தானா டிஸ்க்க நெட்வொர்க்குல பகிருது, அண்ணாச்சி. சி டாலர்னு பேரு. பட்டியல்ல தெரியாது. நிர்வாகி பாஸ்வேர்டு தெரிஞ்சவன் எங்கன இருந்தும் உள்ள போவான்."

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க. எல்லா மெஷினுக்கும் ஒண்ணுதான். விளம்பரப் பிரிவுல மானிட்டர்லயே எழுதி ஒட்டிருக்காவ."

பீடிக் கம்பெனியின் விளம்பரமும் அந்த மேசைக்குத்தான் வரும். பாஸ்வேர்டை மாற்றினால் பில் அச்சாவது நின்றுவிடும் என்று மேலாளர் மறுத்தார். எனவே பராமரிப்பவர் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து அந்தப் பகிர்வை நீக்கினார். அதை நம்பி, இன்னொரு பெண் சொன்னதை நிருபர் அவள் பெயரோடு தட்டச்சு செய்தார்.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. வந்ததும் எல்லோரும் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம். நீக்கிய பகிர்வு, மெஷின் மறுபடி கிளம்பும்போது தானாகத் திரும்பி வரும் என்பது அவருக்கும் அப்போது தெரியாது. அது வராமலிருக்க ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்பில் தனியே ஒரு மாற்றம் செய்திருக்க வேண்டும்.

செய்தி அச்சாகும் முன்பே இரண்டாவது பெண்ணுக்கும் இலை நின்றது. அவள் அலுவலகத்துக்கே வந்தாள்.

"எம் பேரு பேப்பர்ல வராதுன்னு சொன்னியள்லா?"

"வரலையேம்மா," என்றார் நிருபர்.

"பேப்பரே இன்னும் வரல. பேரு மட்டும் முந்திப் போயிட்டு."

பராமரிப்பவர் கரண்ட் போனதையும் பகிர்வு திரும்பி வந்ததையும் விளக்கப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயுந்தான் கரண்டு போவுது. கதவு தானாவா தெறக்கு?"

அவள் நிருபரிடம் திரும்பினாள்.

"அந்தச் சேதியப் போடாதிய. நான் பேசவே இல்லன்னு கடையில சொல்லிக்கிடுதேன்."

பராமரிப்பவர் ரெஜிஸ்ட்ரியை மாற்றி, ஒவ்வொரு மெஷினையும் அணைத்துப் போட்டுப் பார்த்தார். சி டாலர் திரும்பவில்லை. ஆசிரியர் செய்தியை நிறுத்தினார். பீடிக்கடையில் அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. இலை கொடுக்கவும் இல்லை.