கல்மண்டபத்து நாசிக் கடை

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் மலாய்ச் சாப்பாட்டுக் கடை திறந்தபோது, தெருக்காரர்கள் அதற்கு மூக்குக் கடை என்று பெயர் வைத்தார்கள். கடையில் அதிகம் விற்றது நாசி கோரெங். பினாங்கில் நாசி என்றால் சோறு, கோரெங் என்றால் வறுத்தது. அது இங்கே யாருக்குத் தெரியும்?

"இன்னா நைனா, மூக்க வறுத்து விக்கிறியாமே. நமக்குப் பாதி மூக்கு போதும்பா, ஜலதோசம்" என்று ஹார்பர் கூலிகள் பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்பார்கள். கடைக்காரன் தேசப்பன் சிரித்துக்கொண்டே தட்டை வைப்பான். வறுத்த சோறு, மேலே ஒரு முட்டை, ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல். முதல் வாய்க்குக் கண்ணில் நீர் கட்டும். இரண்டாம் வாய்க்குக் கேலி நின்றுவிடும்.

அந்தச் சம்பலை அரைத்தவள் கெங்கம்மா. தட்டிக்குப் பின்னால் அம்மியடியில் உட்கார்ந்திருந்ததால், சாப்பிட வந்தவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

அவள் தேசப்பனைக் கட்டிக்கொண்டது முப்பத்தாறாம் வருஷத்தில். மறுவருஷமே அவன் பினாங்குக்குக் கப்பலேறினான். துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகக் கடிதம் வந்தது. அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்திருப்பதாக வந்தது. யுத்தம் மூண்டதும் கடிதம் நின்றது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான சமயத்திலும் கெங்கம்மா குப்பத்தை விட்டு நகரவில்லை. புருஷன் திரும்பி வந்தால் தன்னை எங்கே தேடுவான் என்பது அவள் கவலை. காசிமேட்டுக் கரையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்றாள். மீன் கிடைக்காத நாளில் சென்னாக்கூனி என்ற பொடி இறாலைக் காயவைத்து விற்றாள். இனி வரமாட்டான், தாலியைக் கழற்றிவிடு என்று சொன்னவர்கள் உண்டு. அவள் வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் பூசினாள்.

நாற்பத்தேழில் அவன் வந்தான். கூட மரியமும் வந்தாள்.

மரியம் பினாங்கில் பிறந்தவள், தாய்வழியில் ஜாவாக்காரி. அங்கே பெயரை மாற்றிக்கொண்டுதான் அவளைக் கட்டினான், கப்பலை விட்டு இறங்கியதும் மறுபடி தேசப்பனாகிவிட்டான் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். கெங்கம்மாவைக் கண்டதும் மரியம் தலையைக் குனிந்து "காக்கா" என்றாள். கூடி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் பாஷையில் அது அக்கா என்று தேசப்பன் சமாதானம் சொன்னான்.

"எந்த பாஷையில சொன்னா இன்னா, கரிய கரின்னுதான் சொல்லிக்கிறா" என்றாள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா.

கெங்கம்மா அழவில்லை. அவனைத் தனியாக நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டாள். "பத்து வருசமா தேசப்பன் பெண்சாதின்னு சொல்லிக்கினு இந்தக் குப்பத்துல நின்னேன். இப்போ நான் யாரு?"

"நீதான்மே மொத பெண்சாதி. அதுல இன்னா டவுட்டு?"

"வாயால சொன்னா ஆச்சா?"

"பின்ன, பறையடிச்சிச் சொல்லணுமா?" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் கடை திறந்தது. கெங்கம்மா இல்லாமல் அது மூன்று மாதம்கூட ஓடியிருக்காது. மலாய்ச் சமையலில் எதற்கும் பெலாச்சான் வேண்டும். பொடி இறாலை உப்போடு இடித்துப் புளிக்கவிட்டு, வெயிலில் காயவைத்துப் பிடித்த கட்டி அது. மரியம் கொண்டுவந்திருந்தது தீர்ந்துபோய், அவள் வெறும் டப்பாவைக் காட்டிக் கையை விரித்தபோது, கெங்கம்மா சென்னாக்கூனியை உரலில் போட்டு இடித்தாள். மரியம் முகர்ந்தாள், நாக்கில் வைத்தாள், தலையாட்டினாள். அன்று முதல் உரலும் அம்மியும் கெங்கம்மாவுக்கு, அடுப்பு மரியத்துக்கு என்று ஆயிற்று.

ஹார்பரில் கப்பல் நின்றால் ஜாவாக்காரர்களும் சுமத்ராக்காரர்களும் கடைக்கு வருவார்கள். பல நாள் கழித்துத் தங்கள் ஊர்ச் சம்பல் வாசனை பட்டதும் சிலர் தட்டையே பார்த்துக்கொண்டு தின்பார்கள். அரிசி ரேஷனில் இருந்த காலம். வாரத்தில் பாதி நாள் கடையில் சோறு இருக்காது. அந்த நாளில் மைதா மாவில் சேமியா மாதிரிக் கையால் இழுத்த மீயை வறுத்துப் போடுவாள் மரியம். ஈர்க்கில் கோத்துச் சுட்ட ஆட்டிறைச்சிக்கு வேர்க்கடலைக் குழம்பு ஊற்றுவாள். பினாங்கில் கப்பல் கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்து, யுத்தம் முடிந்து வெறுங்கையோடு திரும்பிய ரகுபதி தினமும் மத்தியானம் வருவார். தேங்காய்ப் பாலில் வெந்த சோற்றை மெதுவாகச் சாப்பிட்டபடி, பக்கத்தில் இருப்பவர்களுக்கு எது எதற்கு என்ன பெயர் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கடைக்குப் பலகை எழுதியவன் தாமோதரன். மரியம் ஒவ்வொரு பதார்த்தமாகச் சொல்ல, தேசப்பன் தமிழாக்கிச் சொன்னான். ஆயம் மது என்று ஒன்று வந்தது. தேன் தடவிச் சுட்ட கோழி. ஆயம் என்பதைக் கோழி என்று மாற்றிய தேசப்பன், மதுவை அப்படியே விட்டுவிட்டான். கோழி மது என்று சிவப்பு எழுத்தில் பலகை ஏறியது. நாலைந்து பேர் ஆசையாக வந்து உட்கார்ந்து, கோழியை மட்டும் தின்றுவிட்டுத் திட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

அந்த வருஷம் அக்டோபரில் பட்டணத்தில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடின. இரண்டாம் நாளே ரகுபதி கை கழுவிக்கொண்டே, "தேசப்பா, பலகையில் அந்த ஒரு சொல்லை அழித்துவிடு. தேன் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போலீஸ்காரனுக்குத் தெரியாது" என்றார்.

"அத்தப் பாத்துதான் சார் நாலு பேரு உள்ள நொழையிறான். பாத்துக்கலாம்" என்றான் தேசப்பன்.

தட்டிக்குப் பின்னால் கெங்கம்மாவுக்கு இது காதில் விழுந்தது. படிக்கத் தெரியாதவள். ஆண்கள் பாடு என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து தேசப்பன் அவளைப் புடவை மாற்றிக்கொள்ளச் சொல்லி, ரிக்ஷாவில் ஆபீசுக்கு அழைத்துப் போனான். கடை லைசன்சை அவள் பேருக்கு மாற்றப் போவதாக வழியில் சொன்னான். அவளுக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. ரிக்ஷாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போவதே அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஆபீசில் கைநாட்டு வாங்கிக்கொண்டு குமாஸ்தா படித்தார்: "தேசப்பன் மனைவி கெங்கம்மா."

"இன்னொரு வாட்டி படிங்க சாமி" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டினாள். பச்சையம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள். "இன்னாமே எழுதிக்கீது?" என்று பச்சையம்மா கேட்க, அவள் எழுத்துகளுக்கு நேரே விரலை நகர்த்தி மனப்பாடமாகச் சொன்னாள். குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மரியமும் ஒருமுறை அதன் முன்னால் நின்றாள். அப்புறம் அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

மறுவருஷம் ஆடியில் நோன்புப் பெருநாள் வந்தது. மரியம் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். கப்பல்காரர்களுக்குப் தப்பாய் என்ற பெருநாள் பலகாரத்தைச் செய்து வைத்தாள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் புளிக்கவைக்கும் ஒருவகைப் பொடியைத் தூவிப் பானையில் மூடி வைப்பார்கள். மூன்று நாளில் கிழங்கு குழைந்து இனிக்கும், லேசாகச் சுரீர் என்றும் இருக்கும். பினாங்கில் குழந்தைகள்கூடத் தின்பார்கள். அதைப் பற்றி யாரும் இரண்டாவது தடவை யோசித்ததில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று பலகையைச் சத்தமாகப் படித்தார். "கோழி மது. போர்டே போட்டு நடத்துறானுங்கய்யா."

"ஐயா, அது தேனுங்க" என்றான் தேசப்பன்.

"அப்போ பானையில இருக்கிறது பன்னீரா?"

கான்ஸ்டபிள் பானையைத் திறந்திருந்தான். புளித்த வாசனை கடை முழுக்கப் பரவியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு நழுவினார்கள்.

"லைசன்சு யார் பேர்ல?"

தேசப்பன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினான். "என் பேர்ல இல்லீங்க."

பதில் தயாராக இருந்தது போல வந்தது. கெங்கம்மா அம்மியிலிருந்து எழுந்து, மிளகாய் ஒட்டிய கையோடு அவர்களுடன் நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனில் அவளைப் பார்க்கத் தேசப்பன் வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தான்.

"த பாரு மே. மரியத்துக்கு ஏழு மாசம். இந்த ஊரு பாஷையும் சரியா தெரியாது. பானை என்னுதுன்னு நீ ஒத்துக்க. மிஞ்சிப்போனா ஒரு மாசம். புருசன்ங்கிற முறையில லைசன்ச என் பேருக்கு மாத்திக்கிறேன், கடை மூடாம நடக்கும். நீ திரும்பி வந்தா அம்மி அங்கயேதான் கீது."

கெங்கம்மா அவனையே பார்த்தாள். "ரகுபதி சாரு அந்த எழுத்த அழிக்கச் சொன்னாரே, எப்போ?"

"போன அக்டோபர்ல. இப்போ எதுக்கு அது?"

"லைசன்ச என் பேருக்கு எழுதினது?"

தேசப்பன் காதைச் சொறிந்தான். "அதுக்கப்புறம் ரெண்டு நாளு. ஒரு ஜாக்கிரதைக்குத்தான் செஞ்சேன். பொம்பளைன்னா கோர்ட்டுல கொஞ்சம் பாத்துச் செய்வாங்கன்னு."

அவன் போகும்போது, "சொன்னது ஞாபகம் கீதா?" என்றான். "கீது" என்றாள்.

கோர்ட்டில் பலகையைப் பற்றிச் சாட்சி சொல்ல ரகுபதி வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் நின்று, மலாய் பாஷையில் மது என்றால் தேன் என்று நிதானமாக விளக்கினார்.

"அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

ரகுபதி தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "உண்டுங்க. ஒருவனுக்கு இரண்டு மனைவி இருந்தால், ஒருத்திக்கு மற்றவள் மது. நாம் சக்களத்தி என்கிறோமே, அது."

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல்கள் சிரித்தார்கள், வாசலில் நின்ற டவாலிச் சேவகன் சிரித்தான். கெங்கம்மா திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் மரியத்தின் பக்கத்தில் நின்றிருந்த தேசப்பனும் சிரித்துக்கொண்டிருந்தான். பெரிதாக இல்லை. நாலு பேரோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்புதான்.

பலகையில் குற்றமில்லை, ஆனால் பானையில் இருந்தது புளித்த சரக்கு என்று மாஜிஸ்திரேட் சொன்னார். குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார். "பேரு?"

"கெங்கம்மா."

"புருஷன் பேரு?"

அவள் தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். "அப்பா பேரு கிருஷ்ணப்பன்."

"புருஷன் பேரைக் கேட்டேன்."

"இல்லீங்க."

"லைசன்சில் தேசப்பன் மனைவி என்று இருக்கிறதே?"

"தப்பா எழுதிட்டாங்க. கடை என்னுது, பானையும் என்னுது. அந்தாளு கடையில தட்டு கழுவுறவரு."

தேசப்பன் முன்னால் ஓடிவந்தான். "ஐயா, பொய் சொல்றா. நான்தான் புருசன்."

மாஜிஸ்திரேட் வயிற்றைத் தாங்கி நின்ற மரியத்தைப் பார்த்தார். "அந்த அம்மா யார்?"

தேசப்பன் திரும்பினான். மரியம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது... என் சம்சாரம்ங்க."

"அப்புறம் என்ன? போய் நில்லு" என்றார் மாஜிஸ்திரேட்.

கெங்கம்மாவுக்கு ஒரு மாதம் போட்டார்கள். லைசன்ஸ் ரத்தாகி, அந்தக் காகிதமும் கோர்ட்டிலேயே நின்றுவிட்டது. அதில் தனக்குப் பாத்தியதை உண்டு என்று தேசப்பன் ஆபீஸ் ஆபீசாக அலைந்தான். நீ அவளுக்கு யார் என்று கேட்ட இடத்திலெல்லாம் அவன் கையில் காட்டக் காகிதம் இல்லை. அந்த வாரமே கடை மூடிவிட்டது. பெஞ்சுகளை யாரோ விலைக்கு வாங்கிப் போனார்கள். அவன் மறுபடி ஹார்பரில் மூட்டை தூக்கப் போனான்.

ஜெயிலில் நுழையும்போதும் கெங்கம்மாவைப் புருஷன் பேர் கேட்டார்கள். வெளியே வந்து ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொடுத்தபோதும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் இல்லை என்றாள். கார்டில் தலைக்கட்டு கெங்கம்மா, நபர் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். "ஏன்மே இப்பிடிப் பண்ணிக்கின? அந்தக் கடையில ஒரு பங்காவது வந்துருக்குமே" என்று பச்சையம்மா கேட்டாள். கெங்கம்மா கூனியில் இருந்த குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குப்பத்தில் சிலர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பிள்ளை பெற்றுக் கிடந்த மரியத்தின் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்ததால், அப்படிச் சொன்னவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கார்டுக்கு அரிசி கிடைத்த அன்று பகலில் அவள் சோறு வடித்து ஆறவைத்தாள். சம்பல் அரைத்தாள். கடை நடந்த ஒன்றரை வருஷத்தில் அவள் ஒருநாளும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டதில்லை. எல்லோரும் போன பிறகு சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றதோடு சரி. இப்போது சோற்றை வறுத்து, மேலே முட்டையும் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காரம் சரியாக இருந்தது. உப்பும் சரி. பெலாச்சான் அவள் கையால் இடித்தது. ஆனாலும் கடையில் வந்த அந்த மணம் வரவில்லை. சட்டியை இறக்குவதற்கு முன்னால் மரியம் எதையோ சேர்ப்பாள். அது என்ன என்று கடை நடந்தபோது கெங்கம்மா கேட்டுக்கொள்ளவில்லை. மரியம் ஒரு தெரு தள்ளித்தான் இருந்தாள்.

கெங்கம்மா தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றாள்.