பிள்ளையார் படமும் மூன்று பியூஸும்

1. கடிதம்

கடிதம் வந்தபோது நேர்முகத் தேர்வுக்கு ஐந்து நாட்கள்தான் இருந்தன. நான் அப்போது மானிப்பாயில் ஒரு மரக்காலையில் மரம் அரிந்துகொண்டிருந்தேன். வட்டவாள் மெசினில் பதினான்கு ஆண்டுகள். அரியாலைப் பக்கத்தில் ஆணியும் கம்பியும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை காலியாகியிருந்தது. அதைப் பார்த்தவர் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போய்விட்டார். கல்வித் தகுதி என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று உள்ளதை எழுதி அனுப்பினேன். கூப்பிடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

கூப்பிட்டுவிட்டார்கள். அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. 'தொழிலாளர் பாதுகாப்பாக நடந்துகொள்ள அவர்களை எவ்வாறு ஊக்குவிப்பீர்?' என்பது பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும்.

கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். நான் எதற்கும் பயந்து யோசிக்கிற ஆள். வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்ப்பேன். வாளை மாற்றினால் நட்டை மூன்றுதரம் முறுக்கிப் பார்ப்பேன். என் மனைவி செல்வம் சிரித்தாள்.

"இஞ்சருங்கோ, உந்தப் பயத்துக்குத்தான் அவங்கள் சம்பளம் தரப்போறாங்கள். பிறகேன் பயப்படுறியள்?"

அவள் சொன்னது பகிடி. ஆனால் அந்தப் பகிடியைப் பிடித்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

2. வாசித்துக் காட்டியது

இரண்டு நாள் பின்னேரங்களில் ஒரு கொப்பி நிறைய எழுதினேன். 'பாதுகாப்பே தொழிலின் உயிர்நாடி' என்று தொடங்கியது. 'விழிப்புணர்வு', 'ஒழுங்கு விதிகள்', 'கட்டாய அறிவுறுத்தல்' எல்லாம் வந்தன. மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மரக்காலையில் நாலுபேரை இருத்தி வாசித்துக் காட்டினேன்.

ராசதுரை அண்ணை மரத்தூள் குவியலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என்னோடு அதே வாளில் நின்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வலது கையில் சுட்டுவிரலின் நுனி இல்லை.

"அண்ணை, கேக்கிறியளோ?"

"கேட்டுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுறன். தம்பி சிவம், உதை ஆர் எழுதினது? நீயோ, ரேடியோவோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"முதலாளி மாட்டின போட்டைப் பார்" என்று அவர் சுவரைக் காட்டினார். சிவப்பு எழுத்தில் 'கவனம்! ஆபத்து!' என்று ஒரு பலகை. பலகைக்கு அடித்த ஆணிகளில் எங்கள் ஐந்துபேருடைய சேட்டுகளும் தொங்கிக்கொண்டிருந்தன. "உன்ரை பேச்சும் உதுதான். சேட்டுக் கொழுவ நல்லாயிருக்கும்."

நான் கொப்பியை மூடினேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இஞ்சை எங்கடை கையைக் காப்பாத்தினது உந்தக் கொப்பியிலை இருக்கிறதோ? பியூஸ் எல்லோ! அதை ஏன் எழுதேல்லை?"

ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அதை எழுதினால், அது எப்படித் தொடங்கியது என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.

3. கப்பி

எங்கள் மரக்காலையில் ஒரு வழக்கம் இருந்தது. காலமை வந்தவுடன், வாளைச் சுழற்றுகிற பெல்ற் ஓடும் பெரிய கப்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதற்கு மேலே தூணில் பிள்ளையார் படம். தொடாமல் வேலையைத் தொடங்கினால் அன்று முழுக்க மனம் சரிவராது. எல்லோரும் தொட்ட பிறகு நான் "போடுறன்!" என்று கத்தி மெயின் சுவிச்சைப் போடுவேன்.

ஒருநாள் ராசதுரை அண்ணைக்குச் சைக்கிள் காற்றுப் போய்விட்டது. நேரம் பிந்தி ஓடிவந்தார். அதற்குள் நான் சுவிச்சைப் போட்டுவிட்டேன். மோட்டர் அப்போதுதான் மெல்லச் சுழலத் தொடங்கியிருந்தது. அவர் குனிந்த தலை நிமிராமல் வந்து, வழக்கம்போலக் கப்பியைத் தொடக் கையை நீட்டினார். பெல்ற் விரலை இழுத்தது.

அவருடைய அவசரந்தான் காரணம் என்று முதலாளி சொன்னார். எல்லோரும் அப்படியே சொன்னார்கள். நானும் பேசாமல் இருந்தேன்.

ஆனால் அன்று அவர் சைக்கிளை மதிலில் சாத்துவதை நான் கண்டேன். கண்டுகொண்டுதான் சுவிச்சைப் போட்டேன். வாசலில் லொறி நின்றது, முதலாளி தொடங்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்க்கிற நான், அன்று ஒருதரம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமைதான் நான் பிள்ளையார் படத்தைத் தூணிலிருந்து கழற்றி, வாசலுக்குப் பக்கத்தில் மெயின் சுவிச்சுக்கு மேலே மாட்டினேன். பின்னேரம் வேலை முடிந்ததும் சுவிச்சின் மூன்று பியூஸையும் கழற்றிப் படத்துக்கு முன்னால் ஒரு தட்டத்தில் வைத்தேன். பியூஸ் இல்லாமல் சுவிச்சைப் போட்டாலும் மெசின் ஓடாது. காலமை எல்லோரும் அங்கேதான் கும்பிட வேண்டும். கடைசி ஆள் கும்பிட்ட பிறகுதான் பியூஸ் தட்டத்தை விட்டு எழும்பும். வாளை மாற்றவோ தூள் அள்ளவோ உள்ளே கை வைக்கிறவன், சுவிச்சை நிற்பாட்டி மூன்று பியூஸையும் கழற்றிச் சாரத்து மடியில் முடிந்துகொண்டு போவான். ஒருவரும் அதை மீறவில்லை. பிந்தி வந்தவனுக்காக மற்றவர்கள் காத்து நின்றார்கள்.

இந்தக் கதையில் சுவிச் போட்ட ஆளை மறைத்துவிட்டும் பேசலாம். ஆனால் அப்படிப் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, தேர்வில் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். வாசித்துக் காட்டிய அன்று பின்னேரமே சைக்கிளை உருட்டிக்கொண்டு ராசதுரை அண்ணைக்குப் பக்கத்தில் நடந்தேன்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் வாறதை நான் கண்டனான்."

அவர் நிற்கவில்லை. "தெரியும். நானும் உன்னைக் கண்டனான். மூண்டு வருசமா எப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"அங்கை அதைச் சொன்னால் வேலை கிடையாமல் போகும்."

"சொல்லாட்டி வேறையென்ன சொல்லப்போறாய்? உயிர்நாடியோ?" என்றார். கொஞ்சத் தூரம் போய், "போகேக்கை பியூஸைக் கொண்டு போ. பழசு மூண்டு அலுமாரித் தட்டிலை கிடக்கு" என்றார்.

4. பத்து நிமிடம்

பஸ் ஓடுமோ ஓடாதோ என்று சொல்ல முடியாத நாட்கள். முதல்நாளே சைக்கிளில் போய் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். தேர்வன்று சாரத்தை விட்டுக் கழுசான் போட்டு, இரவல் சப்பாத்துடன் ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பெடியள், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்கள். ஒருவன் பெரிய வரைபடம் சுருட்டி வைத்திருந்தான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்றுபேர். நடுவில் எஞ்சினியர், ஓரத்தில் கணக்காளர், மற்றவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கொப்பியை நான் விரிக்கவில்லை. மூன்று பியூஸையும் எடுத்து எஞ்சினியருக்கு முன்னால் வைத்தேன்.

"சேர், உதைக் கையிலை வைச்சிருங்கோ. நான் கதைச்சு முடியுமட்டும் தரவேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டு எடுத்துக்கொண்டார். நான் மரக்காலைப் பலகையில் தொங்கிய சேட்டுகளில் தொடங்கினேன். கப்பியைச் சொன்னேன். பிறகு, சுவிச்சைப் போட்டது நான் என்றும், அவர் வருவதைக் கண்டுகொண்டுதான் போட்டேன் என்றும் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தினார். எஞ்சினியர் கேட்டார்: "அப்ப பிழை உம்மிலை எல்லோ?"

"ஓம் சேர். நான் கவனமான ஆள். அப்பிடியான நானே செய்தனான். அதாலைதான், கவனமா இரு எண்டு சொல்லிறதை நான் நம்பிறேல்லை. கவனம் தப்பினாலும் கை தப்பவேணும்."

அதைச் சொன்ன பிறகு பயம் விட்டுப்போனது. தட்டத்தையும் மடியையும் ஓரிடத்திலும் தடுமாறாமல் சொன்னேன். "இப்ப அது மூண்டும் உங்கடை கையிலை இருக்கு. நீங்கள் தாறவரைக்கும் ஆரும் மெசினை ஓட்டேலாது. அவ்வளவுதான் சேர் என்ரை பேச்சு."

ஓரத்தில் இருந்த கணக்காளர் விடவில்லை. "இஞ்சை கிறிஸ்தவரும் இருக்கினம், முஸ்லிம் ஆக்களும் இருக்கினம். உம்மடை பிள்ளையாரை வைச்சு என்ன செய்வீர்?"

"பிள்ளையாரைக் கொண்டுவரமாட்டன் சேர். முதல் ஒரு கிழமை வாசல்லை நிண்டு, காலமை வந்தவுடனை இவையின்ரை கை எங்கை போகுதெண்டு பாப்பன்."

எஞ்சினியர் பியூஸைத் திருப்பித் தரும்போது கேட்டார்: "விரல் போனவர் உம்மோடை கதைக்கிறாரோ?"

"அவர்தான் சேர் உதைக் கொண்டுபோகச் சொன்னவர்."

5. கேத்தில்

வேலை கிடைத்தது. ராசதுரை அண்ணையிடம் கடிதத்தைக் காட்டினேன். "என்ரை விரலுக்கு எட்டாம் வகுப்பைவிட மதிப்புத்தான்" என்றார்.

சொன்னபடியே முதல் கிழமை வாசலில் நின்றேன். அங்கே கம்பி இழுக்கிற பகுதியில் கையுறை அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிக் கதவில் ஐந்து விதிகள் அழகாக எழுதி ஒட்டியிருந்தன. ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. காலமை வந்த அத்தனைபேருடைய கையும் முதலில் போனது தேத்தண்ணிக் கேத்திலுக்கு.

இப்படியான தேர்வுக்குப் போகிற இளம் ஆட்கள் சிலர் இப்போதும் என்னிடம் வந்து, என்ன பேசுவது என்று கேட்கிறார்கள். பேச்சை எழுத முன்னம், அந்த இடத்தில் கை போகிற வழியைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். உங்கள் கையும் அதில் சேர்த்தி.

அந்த ஐந்து விதிகளில் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. கையுறைப் பெட்டியைத் தூக்கிக் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.