கூடத்துச் சுவரில் ஒரு ரைபிள்

ஆளைக் கொல்லச் செய்த சாமானைப் போய் அழகு என்று சொல்லலாமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அது அழகாக இருந்தது, அவ்வளவுதான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், கூடத்துச் சுவரில் இரண்டு மரக்கொம்புகள்மேல் கிடந்தது. வெள்ளைக்காரன் பட்டாளத்து ரைபிள். வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து இறக்கி, பின்பக்கம் இருக்கும் சின்ன இரும்பு முளையில் கேப்பு, அதாவது தட்டினால் பொறி தெறிக்கும் பொட்டு மூடி, மாட்ட வேண்டும். விசையை இழுத்ததும் குதிரை சுத்தியல் மாதிரி விழுந்து கேப்பை அடித்தால், முளையிலுள்ள துளை வழியே நெருப்பு உள்ளே போய் வெடிக்கும்.

கணவர் சிங்கப்பூரில். மாமனார் மதியம் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணிவரை இடி விழுந்தாலும் எழமாட்டார். ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்குவேன். யம்மா, என்ன கனம்! மடியில் கிடத்தி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பேன். பொம்பளை அதைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததே!

குதிரைக்குப் பின்னால் இரும்புத் தகட்டில் ஒரு கிரீடம், அதன் கீழே இரண்டு இங்கிலீஷ் எழுத்து. குதிரைக்கு முன்னால், அதைச் செய்த வருஷம். கடைசி இலக்கம் தேய்ந்து மூன்றா எட்டா என்று தெரியாது. குழாயில் அரிசி அளவுக்கு ஒரு அம்புக்குறி. மரக்கட்டையில் ஒரு வட்ட முத்திரை, பாதி அழிந்துபோனது. இரும்பு பழுப்பேறியிருந்ததே தவிர எங்கும் அரிப்பு இல்லை. வாயருகே வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே மூன்று வரிகள் முறுக்கிக்கொண்டு இறங்கும். அதை வெட்டியவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு மாமனார் அந்த முளையின் தலையில்தான் சந்தனத்தை அப்புவார். துப்பாக்கிக்கு அதுதான் நெற்றியாம். அவர் அப்பாவும் அங்கேதான் வைப்பாராம். ஒருத்தரும் அதை வழித்ததில்லை.

மெட்ராஸில் புது ஆட்சி வந்தும் எங்கள் பக்கம் பழைய சண்டைதான். அந்த வருஷம் கூலி பேசி முடியாமல் ஆட்கள் அறுவடைக்கு இறங்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் எங்கள் பம்புசெட் பக்கம் வெடிச்சத்தம். பட்டாசோ என்னவோ, இன்றுவரை தெரியாது. மாமனார் எழுந்து வந்து சுவரைப் பார்த்தார். எப்போதும் வாசலைப் பார்த்திருக்கும் ரைபிளின் வாய் கொல்லைப்பக்கம் திரும்பியிருந்தது. முந்தின மதியம் அவசரத்தில் நான் மாற்றி மாட்டியிருக்கிறேன், பாவி!

மாமனார் கைகாட்டியது எங்கள் வண்டிக்காரரை. கூலியாட்கள் சங்கத்து ஆள். வேலைநிறுத்தம் என்றாலும் மாடு பட்டினி கிடக்கக் கூடாது என்று, முந்தின நாள் கூடம் வழியாக வந்து தவிடு எடுத்துப் போனவர். இன்ஸ்பெக்டர் வந்தபோது, வண்டிக்காரர் கையை அவர் துண்டாலேயே கட்டியிருந்தார்கள்.

"இவன்தான் சார். எடுத்துட்டுப் போய் சுட்டுட்டு, மாத்தி மாட்டியிருக்கான்" என்றார் மாமனார்.

நான் வாயைத் திறக்காவிட்டால் அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவார். திறந்தால் எனக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியாது. கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"நான்தாங்க எடுத்தேன். தொடச்சுட்டு மாத்தி மாட்டிட்டேன்."

"உள்ள போம்மா! அவனுக்காகப் பொய் சொல்றா சார். பொம்பளைக்கு இதைத் தூக்கத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் ரைபிளை எனக்குத் தெரியாதபடி மறுபக்கம் திருப்பிப் பிடித்தார். "இதுல என்னென்ன இருக்கு, சொல்லுங்கம்மா, பாப்போம்."

கிரீடத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. "அடியில இடிகம்பி சொருகுற பள்ளத்துல ஒன்பது, நாலுன்னு ரெண்டு எண் இருக்குங்க. கம்பியை உருவினாத்தான் தெரியும்."

உருவினார். இருந்தது. மாமனாருக்கே அது தெரியாது.

"அப்புறம் சார், அது வெடிக்கவே வெடிக்காது. அந்த முளையைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் ஊக்கு கேட்டு வாங்கித் துளையில் குத்தினார். இறங்கவில்லை. கத்தி முனையால் நெம்பியதில் மஞ்சளாக ஒரு சந்தனப் பொருக்கு மட்டும் உதிர்ந்தது.

"கல்லாட்டம் இறுகிக் கெடக்குங்க. இருபது முப்பது வருஷமா இதுல ஒரு குண்டும் வெடிச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு, கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

வண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஒரு கும்பிடு போடுவார் என்று எதிர்பார்த்தேன், ஏன் மறைக்க வேண்டும்? அவர் ரைபிளைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"சின்னம்மா, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இது வெடிச்சிருக்காதா?"

"வெடிச்சிருக்காது."

"இதை மடியில வச்சுக்கிட்டுத்தான் அய்யா அன்னைக்கு உக்காந்திருந்தாங்க. அதைப் பாத்துட்டுத்தான் எங்கப்பா, நாலு மா குத்தகை நெலத்தையும் விட்டுட்டேன்னு கைநாட்டு வச்சாரு."

அத்தனை மதியம் அதை மடியில் போட்டுத் துடைத்தவள் நான்.

மறுநாள் விடிந்ததும் வண்டிக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்த நாலு மாவில் இறங்கி, தங்கள் வீட்டுக்கென்று கதிர் அறுத்தார். மாமனார் சுவரிலிருந்த ரைபிளைத் தொடாமல் வரப்புவரை போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.