வாசிக்கத் தகுந்த வாழ்க்கைகள்

முன்னுரையைத் தள்ளி, பிறந்த கதையைத் தள்ளி, பள்ளிக்கூடக் கதையையும் தள்ளி, எழுதியவரின் மனைவி எந்தப் பக்கத்தில் வருகிறாள் என்று அஜோவா குவான்சா தேடுவார். பாதிப் புத்தகம் தாண்டியும் மனைவி வரவில்லையென்றால் மூடி வைத்துவிடுவார்.

“நாலு பிள்ளைங்களாம். மழைக்கு மொளைச்சதுங்க போல” என்பார்.

எங்கள் ஊர் நூலகத்தில் வாசலுக்கு நேரே ‘வாசிக்கத் தகுந்த வாழ்க்கைகள்’ என்று ஓர் அலமாரி இருக்கிறது. சுயசரிதைகளும் வாழ்க்கை வரலாறுகளும் மட்டும்தான். எதற்கு அங்கே இடம் என்பது நூலகர் அஜோவாவின் முடிவு. கானாவில் ஓய்வு பெற்றவர்களுக்கு இப்போது இரண்டே வேலை: ஒன்று கோழி வளர்ப்பது, இன்னொன்று சுயசரிதை எழுதுவது. கோழிகள் மேல் அஜோவாவுக்குச் சந்தேகம் கிடையாது.

தெருவிளக்கடியில் படித்து முன்னேறியவர்கள் யாரும் அவரிடம் தப்பியதில்லை. “அந்தத் தெருவுக்கு விளக்கு வந்ததே நான் கல்யாணமாகி வந்தப்புறம்தான். இவரு எந்த வெளிச்சத்துல படிச்சாரு? சோறு யாரு ஆக்கிப் போட்டா? அதைச் சொல்லட்டும் மொதல்ல.”

வாசிக்க வருகிறவர்களையும் விடுவதில்லை. நான் திருப்பித் தரும் புத்தகத்தை முகர்ந்து பார்த்து, “வீட்ல மீன் பொரிச்சாங்களா?” என்பார். அது நலம் விசாரிப்பு அல்ல. மருந்துக்கடை நடத்திய என் அனுபவங்களை எழுதலாமா என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டேன். “எழுதுங்க. உங்க மாத்திரையைச் சாப்பிட்டவங்கள்ல சில பேரு இன்னும் உசுரோடதான் இருக்காங்க. கேட்டுக்கறேன்” என்றார். அந்த ஆசை அன்றோடு போயிற்று.

போன மாதம் கோபினா ஈஷுனின் புத்தகம் வந்தது. கல்வித் துறையில் பெரிய பதவி வகித்தவர், இந்த ஊரிலேயே பிறந்தவர். அட்டையில் கென்டே பட்டு போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். ‘நாடு விடுதலை பெற்ற அன்று விடியற்காலையில் நான் பிறந்தேன்’ என்று முதல் வரி. அஜோவா மனைவியைத் தேடப் போகவே இல்லை. அந்த வரியிலேயே நின்றுவிட்டார்.

“அன்னைக்குப் புதன்கிழமை” என்றார் என்னிடம். “புதன்கிழமை பொறந்த பையனுக்கு எந்த அம்மா கோபினான்னு பேரு வெப்பா?”

எங்கள் பக்கம் பிள்ளைக்கு முதல் பெயரைக் கிழமைதான் வைக்கும். செவ்வாயில் பிறந்த ஆண் கோபினா. புதனில் பிறந்தால் க்வேக்கு. புதனில் பிறந்த பெண் எகுவா. எத்தனை காகிதத்தில் தேதியை மாற்றினாலும் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். ஆயுள் முழுக்கக் காகிதத்தோடு வாழ்ந்த மனிதர், தன் பெயர் என்ன சொல்கிறது என்பதையே மறந்திருக்கிறார்.

விடுதலை நாளில் பிறந்தவர் யார் என்று ஊருக்கே தெரியும். நூலக வாசலில் கென்கி என்ற சோள உருண்டையும் பொரித்த மீனும் விற்கும் எகுவா. ஆண்டுதோறும் அணிவகுப்பு முடிந்து வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, “இன்னைக்கு எனக்கும் பொறந்த நாளு” என்று ஆளுக்கு ஒரு துண்டு மீன் சும்மா கொடுப்பார். கோபினாவின் ஒரே தங்கை. அண்ணன் படிக்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, அம்மாவோடு சோளமாவு பிசைய உட்கார்ந்தவர்.

அஜோவா புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தார். தங்கை எங்கேயும் இல்லை. ‘நான் ஒற்றைப் பிள்ளை’ என்றிருந்தது.

“வயசைக் குறைச்சா இன்னும் கொஞ்ச வருஷம் நாற்காலில இருக்கலாம். அதுக்குக் கைக்குச் சிக்கினது தங்கச்சியோட பொறந்த நாளு. எடுத்துக்கிட்டாரு. அப்புறம் தங்கச்சியை எங்க வெக்கிறது? அவளையே எடுத்துட்டாரு.”

இது வெறும் சந்தேகம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

தினமும் மதியம் கூட்டம் குறைந்ததும் எகுவா ஜன்னலுக்கு வருவார். “அஜோவா, அண்ணன் புஸ்தகம் வந்திருச்சாமே. நான் எத்தனாவது பக்கத்துல வர்றேன்?”

“இன்னும் படிச்சு முடிக்கலக்கா.”

அஜோவா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை கோபினா காரில் வந்தார். புகைப்படக்காரர் ஒருவரும் கூட வந்தார். வாசலில் தங்கைக்குக் கையசைத்துவிட்டு நேரே அலமாரிக்குப் போய்த் தன் புத்தகத்தைத் தேடினார்.

“இன்னும் வெக்கலையாம்மா?”

“வெச்சிரலாங்கய்யா. அதுக்கு முன்னாடி, எழுதினவங்க உக்காந்து கொஞ்சம் படிச்சுக் காட்டறது இங்க வழக்கம்” என்றார் அஜோவா.

பன்னிரண்டு வருஷமாக வருகிறேன். அப்படியொரு வழக்கத்தை நான் கண்டதில்லை. நான் வாயைத் திறக்குமுன் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

“எகுவாக்கா, கடையை மூடிட்டு வாங்க. உங்க அண்ணன் படிக்கப் போறாரு.”

எகுவா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “நம்ம ஃபான்டேல சொல்லிச் சொல்லிப் படிண்ணே. எனக்குத்தான் இங்கிலீசு வராதே.”

கோபினா புத்தகத்தைத் திறந்தார். முதல் வரியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கொத்தாகப் பக்கங்களைத் தள்ளினார்.

“கல்லூரிக் காலத்துலருந்து படிக்கிறேன். அதுதான் நல்லாருக்கும்.”

“அதெல்லாம் எனக்கு என்ன வெளங்கும்?” என்றார் எகுவா. “நீ பொறந்ததுலருந்து படி. அம்மா வருவாங்க, நான் வருவேன்.”

புகைப்படக்காரர் கருவியைத் தாழ்த்திக்கொண்டார். அஜோவா மேசைக்கு வந்து குனிந்து, கோபினாவின் விரலுக்கடியிலிருந்து பக்கங்களை இழுத்து முதல் பக்கத்துக்கே திருப்பினார். அது மூடிக்கொள்ளாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.