ஈயின் பக்கத்தில் ஓர் அரிசி

படம் பார்த்து ஈயின் பெயர் சொல்வது என் வேலை. வருஷா வருஷம் நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற ஒப்பந்த வேலை. வீடு கடலூர் செம்மண்டலத்தில், அலுவலகம் சிதம்பரத்தில், மீதி வாழ்க்கை பஸ்ஸில். காய்கறி போடுகிறவர்கள் செடியில் கண்ட ஈயைப் போனில் படமெடுத்து அனுப்புவார்கள். பாதிப் படங்களில் கட்டைவிரல்தான் இருக்கும். மீதியில் ஈ நசுங்கிக் கிடக்கும். அடிக்காமல் படமெடுக்க நம் ஜனங்களுக்கு மனசு வராது.

பெரும்பாலும் இரண்டே ஈக்கள்தான். அழுகிய பழத்தை மொய்க்கும் பொடி ஈ ஒன்று. அதனால் கெடுதல் இல்லை. இன்னொன்று, நல்ல பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும் காய் ஈ. அது பெரியது, இறக்கையில் கறுப்புக் கோடு இருக்கும். மங்கலான படத்தில் கோடும் தெரியாது, அளவும் தெரியாது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஈக்குப் பக்கத்தில் ஓர் அரிசியை வைத்துப் படமெடுங்கள். அரிசியைவிடப் பெரிதென்றால் காய் ஈ. இந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புவனகிரிப் பக்கம் பாகல் பந்தல் போட்டிருந்த ஓர் அம்மாவின் படம், நான் வீடு திரும்பும் பஸ்ஸில் வந்தது. கம்பியில் ஒரு கை, போனில் ஒரு கை. அன்றைக்கு அது எத்தனையாவது ஈயோ. பக்கத்தில் இருந்த அரிசியைவிட ஈ சின்னது. "பொடி ஈதான், பயமில்லை" என்று அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த படம். பிளந்த பாகற்காய், உள்ளே நெளியும் புழு. பழைய படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈயின் பக்கத்தில் இருந்தது அரிசி இல்லை, சோற்றுப் பருக்கை. வெந்து உப்பிய பருக்கை. மூன்று வேளையும் சோறு தின்கிறவளுக்குச் சோறு எது, அரிசி எது என்று தெரியவில்லை. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் போனேன். பந்தலுக்குக் கீழே மஞ்சளித்த பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. அந்த அம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொல்லையில அரிசிக்கு எங்கம்மா போவேன்? தூக்குச்சட்டில சோறுதான் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு வச்சுட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பக்கத்துக் கொல்லைக்காரங்களும் கேட்டாங்க. மேடமே பயமில்லன்னுட்டாங்கன்னு ஒங்க மெசேஜத்தான் காட்டுனேன். அவுங்களுக்கும் போச்சு. இப்ப எங்கிட்ட பேசுறதில்ல."

"தப்பு என்னோடதும்மா, நான்தான் சரியா பாக்கல."

அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. படித்தவள் தப்பாகப் பார்ப்பாளா, தான்தான் தப்பாக வைத்துவிட்டோம் என்றே இருந்தார். உதிர்ந்த பிஞ்சுகளைக் குழியில் போட்டு மூட வேண்டும் என்றேன். இருவரும் பொறுக்கினோம். இடுப்பு விட்டுப்போனது.

அடுத்த நாள் மதியம் அவரிடமிருந்து ஒரு படம். இறக்கைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் வேகாத அரிசி ஒன்று, ஈயைவிடச் சின்னதாக. கூடவே அவர் குரல்: "வீட்லேந்து முந்தானையில முடிஞ்சு எடுத்தாந்தேன். இப்ப சரியா வச்சிருக்கனாம்மா?"

இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல படம் எனக்கு வந்ததில்லை. சரியாக இருக்கிறது என்று எழுதினேன். பிறகு, பக்கத்துக் கொல்லைக்காரர்களின் நம்பரைக் கேட்டேன். தப்பு யாருடையது என்று அவர்களிடமாவது நான் சொல்ல வேண்டும்.